பட்டறைச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கிற ரிங்டோன்: பழைய நாதஸ்வரக் கேசட்டிலிருந்து எடுக்க முடியுமா?

செந்தூல்வாசி எழுதியது:

வணக்கம். அப்பாவுக்குக் கோலாலம்பூர்ச் செந்தூலில் கார் பட்டறை. கம்ப்ரஸர் ஓடுகிற நேரத்தில், கிரைண்டர் பிடிக்கிற நேரத்தில் போன் அடித்தால் அவர் காதில் விழுவதே இல்லை. வாடிக்கையாளர்கள் அம்மாவைக் கூப்பிட்டு, “அண்ணன் போன் எடுக்க மாட்டேங்கிறாரே” என்று குறைப்படுகிறார்கள். போனோடு வந்த ஒலிகளை எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. முழுச் சத்தத்தில் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

வீட்டில் பழைய கேசட் ஒன்று இருக்கிறது. சித்தப்பா கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரமும் தவிலும். மண்டபத்தில் சொந்தக்காரர் ஒருவர் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. “அதைப் போட்டுக் கொடு, அது கேட்கும்” என்பது அப்பாவின் கட்டளை. கேசட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டு எடுத்தேன், 320 கிலோபிட் எம்பி3. வீட்டு ஸ்பீக்கரில் பிரமாதம். போனில் போட்டால் நாலு தெரு தள்ளி யாரோ வாசிப்பதுபோல் இருக்கிறது.

அப்பாவின் போன் சாம்சங். தங்கையும் இதே ரிங்டோனைக் கேட்கிறாள், அவளிடம் இருப்பது ஐபோன். எங்கே தொடங்குவது?


கம்பிவடம் எழுதியது:

தம்பி, 320 கிலோபிட்டை விடுங்கள். 30 விநாடி ரிங்டோனுக்கு 128 போதும், கோப்பு 480 கிலோபைட்டில் முடிந்துவிடும். போன் ஸ்பீக்கரில் 128க்கும் 320க்கும் வித்தியாசம் சொல்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கிரைண்டர் பக்கத்தில் சொல்லவே வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அது தள்ளுகிற காற்று சொற்பம். அதனால் பெரும்பாலான போன்களில் 500 ஹெர்ட்சுக்குக் (விநாடிக்கு 500 அதிர்வு) கீழே இறங்க இறங்க ஒலி வேகமாகத் தேயும், 200க்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது. ஆனால் உங்கள் கோப்பில் அந்த அடி ஒலி முழுசாக இருக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கம் (குச்சியால் வாசிக்கிற, கனத்த ஒலி தரும் பக்கம்) ஓர் அடி விழும்போது அலை உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மற்ற எதையும் ஏற்ற இடமில்லை. வராத ஒலிக்கு இடம் ஒதுக்கி, வரக்கூடிய ஒலியைத் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் இலவசம், அதையே இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டு 250 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதைச் சீவிவிடுங்கள். சீவியதும் அலை வடிவம் சட்டென்று குள்ளமாகும், பயப்படாதீர்கள். அப்புறம் கம்ப்ரஸர் (உங்கள் அப்பாவுடையது இல்லை, மென்பொருளில் உள்ளது). மெல்லிய இடத்துக்கும் பலத்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அது குறைக்கும். கடைசியில் ஒலி எல்லை மீறாமல் தடுக்கிற லிமிட்டர், உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்லில் நிறுத்திவையுங்கள். மொத்த ஒலியையும் ஒரே அளவில் ஏற்றுகிற நார்மலைஸை மட்டும் அழுத்திவிட்டு “ஏற்றிவிட்டேன்” என்று பலர் நினைக்கிறார்கள். அது உச்சத்தை மட்டும்தான் பார்க்கும். ஓர் ஒற்றை அடி ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் நார்மலைஸ் ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, தொடக்கம். பாட்டுக்குத்தான் மெல்லத் தொடங்குகிற அழகெல்லாம். ரிங்டோன் முதல் விநாடியிலேயே ஆளைத் திருப்ப வேண்டும். முன்னால் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள், ஃபேட் இன் போடாதீர்கள். வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால், தேர்வு செய்துவிட்டு ஆங்கில இஸட் எழுத்தை அழுத்துங்கள். அலை சுழியைக் கடக்கிற இடத்துக்கு வெட்டு நகர்ந்துவிடும்.


ஜார்ஜ்டவுன்_தவில் எழுதியது:

கம்பிவடம் அண்ணே, மன்னிக்கணும். தொப்பியைச் சீவு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நாங்கள் பூவரசங்குச்சியால் அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்று போகிறோம், நீங்கள் ஒரு பட்டனில் தூக்கிப் போடுகிறீர்கள். 😄 தொப்பி இல்லாத தவில் தவிலா? வெறும் வலந்தலையை (விரலால் வாசிக்கிற பக்கம்) மட்டும் கேட்டால் தகரத்தில் விரல் தட்டுகிற சத்தம்தான் வரும்.

பினாங்கில் தைப்பூச ரத ஊர்வலத்தை உருமிக் குழுக்காரர்கள் போனில் பதிவு செய்து பகிர்வார்கள். உருமியின் அந்த முனகல் போனிலேயே நன்றாகக் கேட்கிறதே? அடி ஒலி வராது என்றால் அது எப்படிக் கேட்கிறது?


கம்பிவடம் எழுதியது:

நல்ல கேள்வி. உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடிச்சுருதி ஒன்று, அதன்மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அடுக்கடுக்காக மேல் அதிர்வுகளும் எழும். போன் அடிச்சுருதியை விழுங்கிவிடும், மேலடுக்குகளை மட்டும் வெளியே விடும். அந்த இடைவெளிகளைப் பார்த்தே நம் மூளை அடிச்சுருதியை ஊகித்துக்கொள்கிறது. இல்லாத ஒலியை இருப்பதாகக் கேட்கிறோம். பழைய தொலைபேசியில் 300 ஹெர்ட்சுக்குக் கீழே போகவே போகாது, இருந்தும் ஆண் குரலை ஆண் குரலாகத்தானே கேட்டோம்? அதே சமாச்சாரம்.

ஆகவே உங்கள் தொப்பிக்கும் வழி இருக்கிறது. அடியைச் சீவுவதற்கு முன்னால் டிஸ்டார்ஷன் எஃபெக்டை மிகக் கொஞ்சமாகப் போட்டால் தொப்பி அடிக்கு மேலடுக்குகள் கூடும். அதன்பின் 250க்குக் கீழே சீவினாலும் ‘தொம்’ என்ற உணர்வு ஓரளவு தங்கும். ஆனால் கைநிறையப் போட்டால் நாதஸ்வரம் கரகரத்துவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.


ஜார்ஜ்டவுன்_தவில் எழுதியது:

சரி, இது நியாயம். போட்டுப் பார்த்தேன், தொப்பி உயிரோடு இருக்கிறது. ஆனால் 250 எனக்கு அதிகம், 180இல் நிறுத்திக்கொண்டேன். என் போன் கொஞ்சம் பெரிது.


பழையநோக்கியா எழுதியது:

ஒரு எச்சரிக்கை. கேசட்டில் கெட்டிமேளம் வருகிற இடத்தை மட்டும் ரிங்டோனாக வைத்துவிடாதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியை எடுக்கும் முன்பே யாரோ ஒருவர் பையில் கெட்டிமேளம் அடித்தது. பாதிப் பேர் அட்சதையைத் தூவிவிட்டார்கள். புகைப்படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நம் காலத்தில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை. நோக்கியா 3310இல் கம்போஸர் என்று ஒன்று இருந்தது. சுரத்தை எண் பட்டனில் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். பள்ளியில் ஒருவன் பட்டன் வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு வருவான், இடைவேளையில் வகுப்பே உட்கார்ந்து தட்டும். ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஆனால் சொன்னால் நம்புங்கள், அந்தக் கீச்சுச் சத்தம் பசார் மாலத்தின் (இரவுச் சந்தை) நடுவிலும் கேட்கும். இப்போதைய போன் இத்தனை காசு கொடுத்து வாங்கியும் கேட்கவில்லை!


பிறை_ஷிப்ட் எழுதியது:

பழையநோக்கியா சொன்னதில் விஷயம் இருக்கிறது. மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிக்குத்தான் கூர்மை. அந்தக் காலத்துக் கீச்சுச் சத்தம் தன் சக்தியை எல்லாம் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில் கொட்டியது. பாட்டு தன் சக்தியை எங்கும் பரப்பிவிடுகிறது.

ஆனால் செந்தூல்வாசி, உங்கள் அப்பா விஷயத்தில் நான் வேறொன்று சொல்வேன். நான் பினாங்கு பிறையில் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். வருஷக்கணக்காகக் கிரைண்டரும் ஏர் கன்னும் பிடித்தவர்களுக்குக் காது முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான். ஆடியோகிராமில் (காதுப் பரிசோதனை வரைபடம்) அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். வயது ஏற ஏற மேல் பகுதி முழுக்கத் தேயும். அப்படிப்பட்டவருக்குக் கீச்சென்ற ரிங்டோனைக் கொடுத்தால், மற்ற எல்லாருக்கும் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது.

இதற்கு ஓர் உதாரணம், தீ எச்சரிக்கை மணி. சாதாரண புகை எச்சரிக்கைக் கருவி 3000 ஹெர்ட்சுக்கு மேல் கீச்சிடும். காது மந்தமானவர்கள், முதியவர்கள், சிறு பிள்ளைகள் தூக்கத்தில் எதற்கு விழிக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, 520 ஹெர்ட்ஸ் சதுர அலைதான் அதிகம் எழுப்பியது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பில் படுக்கையறை எச்சரிக்கைக்கு அதையே சேர்த்துவிட்டார்கள். சதுர அலையில் 520ஓடு 1560, 2600 என்று ஒற்றைப்படை மடங்குகளும் இருக்கும். ஆக, போன் ஸ்பீக்கர் கீழே தடுமாறுகிறது, அப்பாவின் காது மேலே தடுமாறுகிறது. இரண்டும் ஒத்துப்போகிற இடம் சுமார் 600 முதல் 2500 வரை. ரிங்டோனின் பலம் அங்கே இருக்க வேண்டும்.

இழைக்கு வெளியே ஒரு வார்த்தை: மலேசியாவில் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபெல். கிரைண்டர் பக்கத்தில் நிற்பவருக்கு அது சர்வசாதாரணமாகத் தாண்டும். அப்பாவுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், காதுப் பரிசோதனைக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். காதடைப்பான் போட்டால் ரிங்டோன் இன்னும் கேட்காதே என்பீர்கள். போனை உடம்போடு ஒட்டிய பையில் அதிர்வோடு வையுங்கள், அல்லது அதிர்கிற கைக்கடிகாரம். சாம்சங்கில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் அழைப்பு வரும்போது பிளாஷ் விளக்கு மின்னுகிற வசதியும் இருக்கிறது, ஐபோனிலும் உண்டு. மேசைமேல் கவிழ்த்து வைத்தால் விளக்குத் தெரியும்.


செந்தூல்வாசி எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. அப்பாவிடம் காதுப் பரிசோதனை என்றதும் “எனக்கென்ன செவிடா” என்று கேட்டார். அம்மா பார்த்துக்கொள்வார்.

ஒரு சந்தேகம். கேசட்டிலிருந்து எடுத்தது ஸ்டீரியோ. இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டி மோனோவாக்கச் சொல்லி வேறெங்கோ படித்தேன். மாற்றியதும் நாதஸ்வரம் இன்னும் மங்கிவிட்டது. ஏன்? அப்புறம், ரிங்டோன் முடிந்து மறுபடி தொடங்கும்போது நடுவில் ஒரு விக்கல் வருகிறது.


கம்பிவடம் எழுதியது:

மங்கல் கேசட்டின் வேலை. டேப்பைப் படிக்கிற ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால் இடமும் வலமும் மயிரிழை நேரம் முன்பின்னாக வரும். தனித்தனியாகக் கேட்டால் தெரியாது. இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கும்போது உயர் அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நாதஸ்வரத்தின் கூர்மை போய்விடும். பிளேயரில் ஹெட்டை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கும், கேசட் ஓடும்போதே அதைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, ஒலி எங்கே மிகத் தெளிவாகிறதோ அங்கே நிறுத்தினால் தீர்ந்தது. திருகைத் தொடப் பயமாக இருந்தால் இரண்டு சேனலில் எது சுத்தமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். மண்டபத்தில் ஒற்றை மைக்கில் பிடித்ததுதானே, எதுவும் நஷ்டமில்லை.

டேப் இரைச்சலை அதிகம் துடைக்க வேண்டாம். நாய்ஸ் ரிடக்ஷனை ஓங்கிப் போட்டால் நாதஸ்வரம் தண்ணீருக்கடியில் வாசிப்பதாக மாறும். பட்டறையில் டேப் இரைச்சல் யாருக்குக் கேட்கப் போகிறது?

விக்கலுக்குக் காரணம் எம்பி3. அது ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பொதியும், 44,100 வேகத்தில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிவிநாடி. தலையிலும் வாலிலும் சொந்தமாக மௌனத்தைச் சேர்த்துவிடும். தொடர்ச்சியாகச் சுழல வேண்டுமென்றால் ஓஜிஜி வடிவத்தில் சேமியுங்கள். ஆடாசிட்டியில் மெட்டாடேட்டா பக்கத்தில் புதிய வரி சேர்த்து, பெயராக ஆண்ட்ராய்டு லூப் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில், இரண்டு சொற்களுக்கும் நடுவில் அடிக்கோடு போட்டு எழுதி, மதிப்பாக ட்ரூ என்று சிறிய எழுத்தில் கொடுங்கள். ஆண்ட்ராய்டு அதைப் படித்து இடைவெளி இல்லாமல் சுழற்றும். போனோடு வருகிற ரிங்டோன்கள் பலவற்றில் இந்த வரி இருக்கிறது.


ஜார்ஜ்டவுன்_தவில் எழுதியது:

சுழல வைப்பது மட்டும் போதாது, தாளத்தில் வெட்ட வேண்டும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) சரியாக 4 விநாடி, ஆறு ஆவர்த்தனம் 24 விநாடி. சமத்தில் (சுற்றின் முதல் தட்டு) தொடங்கி, அடுத்த சமத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டுங்கள். பாதித் தட்டில் வெட்டியதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். கல்யாண வாசிப்பு மெட்ரோனோம் வைத்து வாசித்தது இல்லை, வேகம் ஏறிக்கொண்டே போகும், அதனால் கணக்கைவிடக் காதை நம்புங்கள்.

எந்த இடம் என்று கேட்டால், மேல் ஷட்ஜத்தில் (மேல் ஸ்தாயி ‘ஸ’) நாதஸ்வரம் நின்று வாசிக்கிற இடத்தை எடுங்கள். இப்போது வாசிக்கிற பாரி (நீளமான) நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி. இரண்டு கட்டைக்கு ஷட்ஜம் 294 ஹெர்ட்ஸ் என்றால் மேல் ஷட்ஜம் 587. அதன் அடுக்குகள் 1175, 1760, 2350 என்று போகும். பிறை_ஷிப்ட் கேட்ட இடத்தில் அப்படியே உட்காருகிறது! கீழ் ஸ்தாயியில் குழைகிற ஆலாபனை வேண்டாம், அது கேட்பதற்கு, கூப்பிடுவதற்கு இல்லை.

திறந்த வீதியில் மைக் இல்லாமல் சாமிக்கு முன்னால் வாசிக்கப் பிறந்த வாத்தியம் அது. உங்கள் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.


பிறை_ஷிப்ட் எழுதியது:

அதே. 587, 1760 எல்லாம் நான் கேட்டதற்குக் கச்சிதம். அப்பாவுக்கு இரண்டு மாதிரி செய்து கொடுத்து, கம்ப்ரஸர் ஓடும்போது பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை.


செரங்கூன்_அல்ல_செராஸ் எழுதியது:

ஐபோன் பக்கத்துக்கு நான் வருகிறேன், மற்றவர்கள் தொட மாட்டீர்கள் என்று தெரியும். 😏

தங்கையின் போனில் ஐஓஎஸ் 26 இருந்தால் வேலை சுலபம். எம்பி3 அல்லது எம்4ஏ கோப்பை 30 விநாடிக்குள் வெட்டி ஃபைல்ஸ் செயலியில் வையுங்கள். கோப்பை அழுத்திப் பிடித்து, ஷேர் போய், ரிங்டோனாகப் பயன்படுத்து என்பதைத் தட்டினால் போதும். இத்தனை வருஷம் கழித்து ஆப்பிளுக்கு மனம் இரங்கியிருக்கிறது.

பழைய ஐஓஎஸ் என்றால் கராஜ்பேண்ட் வழி. கோப்பை அதில் இழுத்துப் போட்டு, ஷேரில் ரிங்டோனைத் தேர்ந்தெடுத்தால் அமைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 30 விநாடிக்கு மேல் இருந்தால் தானே வெட்டிக்கொள்ளும், அதனால் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் தவில் அண்ணன் பல் கூசும். கணினி வழியாக ஏற்றுபவர்கள் ஏஏசி வடிவில் எம்4ஏ ஆக்கி, கோப்பின் வாலை எம்4ஆர் என்று மாற்றுவார்கள். அதற்கு வரம்பு 40 விநாடி.

ஓஜிஜி ஐபோனில் எடுபடாது. ஆகவே தங்கைக்குத் தனியாக எம்4ஏ. மூலத்தைச் சுருக்காத வேவ் வடிவில் பத்திரமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து இரண்டையும் எடுங்கள். எம்பி3ஐ மறுபடி ஏஏசி ஆக்கினால் சிராய்ப்பு இருமடங்கு.


ரவாங்_ரயில் எழுதியது:

நடுவில் புகுந்து கேட்கிறேன். நண்பர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பிய உருமிப் பதிவை ரிங்டோனாக்கப் பார்க்கிறேன், போன் பட்டியலிலேயே காட்டவில்லை. அப்புறம் இன்னொரு விஷயம். என்னைக் கூப்பிடுபவருக்கு இந்தப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் எந்த ஃபோல்டரில் போட வேண்டும்?


கம்பிவடம் எழுதியது:

வாய்ஸ் நோட் ஓபஸ் என்ற வடிவத்தில் வருகிறது. பேச்சுக்காக மோனோவில் அடக்கியது, இசைக்கு ஆகாது. நண்பரிடம் மூலக் கோப்பை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதைத் தொடாது. வந்த கோப்பை உள் சேமிப்பகத்தில் ரிங்டோன்ஸ் என்ற ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள். குறுஞ்செய்தி ஒலி என்றால் நோட்டிஃபிகேஷன்ஸ், அலாரம் என்றால் அலார்ம்ஸ். அங்கே போட்டும் தெரியவில்லையா, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் நோமீடியா என்ற கோப்பு ஒளிந்திருந்தாலும் எதுவும் தெரியாது, அதைத் தூக்கிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு எந்த ஃபோல்டரும் கிடையாது. கூப்பிடுபவர் கேட்கும் பாட்டு உங்கள் போனில் இல்லை, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அவர்கள் பட்டியலில் உள்ளதைத்தான் வைக்க முடியும். மாதச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.


பழையநோக்கியா எழுதியது:

அந்தப் பாட்டு எப்போதும் ஏன் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் வருகிறது?


கம்பிவடம் எழுதியது:

அது பாட்டு வழி இல்லை, பேச்சு வழி. பழைய அழைப்புகளில் ஏஎம்ஆர் என்ற முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதோடு அது மனிதத் தொண்டையைக் கணக்கில் வைத்துச் செய்தது, நாதஸ்வரத்தைக் கொடுத்தால் திணறும். மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜியை மூடியபின் பெரும்பாலான அழைப்புகள் 4ஜி வழியே போகின்றன, அங்கே 7000 ஹெர்ட்ஸ் வரை வரும் அகலப்பட்டை உண்டு. முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் இசை கேட்கும் இடம் அது இல்லை.


மட்டுறுத்துநர் எழுதியது:

ஒரு நினைவூட்டல். சினிமாப் பாடல்களை வெட்டி இங்கே இணைக்க வேண்டாம், இரண்டு இணைப்புகளை நீக்கியிருக்கிறேன். சொந்தப் பதிவு, குடும்ப நிகழ்ச்சிப் பதிவு என்றால் ஆட்சேபணை இல்லை. ஆனால் வாசித்த கலைஞர்கள் உயிரோடு இருந்தால் பொதுவில் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் இறக்கிய பாட்டை ஏன் வெட்ட முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு: அந்தக் கோப்பு பூட்டியே வருகிறது. பூட்டை உடைக்கும் வழிகளை இங்கே பேச வேண்டாம்.


செந்தூல்வாசி எழுதியது:

செய்துவிட்டேன். இடது சேனலை மட்டும் வைத்து, 250இல் சீவி, கம்ப்ரஸர், லிமிட்டர் போட்டு, மேல் ஷட்ஜத்தில் நிற்கிற இடத்திலிருந்து வெட்டினேன். இரண்டாவது மாதிரியில் தவில் அண்ணன் சொன்னபடி 180 வைத்தேன். கம்ப்ரஸர் ஓடும்போது பட்டறை வாசலில் நின்று கூப்பிட்டதில் 250 வைத்ததைத்தான் அப்பா திரும்பிப் பார்த்தார், 180க்குத் திரும்பவில்லை. தவில் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கிரைண்டர் போடும்போது இரண்டுமே கேட்கவில்லை. அதற்குப் பிளாஷ் விளக்குதான் கைகொடுத்தது. போனை ஸ்பேனர் தட்டின் தகரத்தின்மேல் வைத்தால் அதிர்வும் சேர்ந்து கலகலக்கிறது, அது அப்பாவே கண்டுபிடித்தது. ஒரே தொல்லை, சாம்சங் பாட்டின் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் எங்கிருந்தோ தொடங்குகிறது.


கம்பிவடம் எழுதியது:

ரிங்டோன் தேர்வுப் பக்கத்தில் ஹைலைட்ஸ் மட்டும் என்று ஒரு விசை இருக்கும், அணைத்துவிடுங்கள். போன் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.


ஜார்ஜ்டவுன்_தவில் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை தம்பி. கல்யாண மண்டபத்தில் 180, பட்டறையில் 250 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கேசட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், முழுசாக வேவில் ஏற்றிவிடுங்கள். யார் வாசித்தது என்று சித்தப்பாவுக்குத் தெரிந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.


ரவாங்_ரயில் எழுதியது:

உருமிக் கோப்பு வேலை செய்கிறது, நன்றி அண்ணே. பிறை_ஷிப்ட் அண்ணனிடம் ஒன்று. அந்த 520 ஹெர்ட்ஸ் சதுர அலையை அலாரமாக வைக்கலாமா? காலை நாலரைக்கு எழ வேண்டும். எந்தப் பாட்டை வைத்தாலும் தூக்கத்திலேயே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.


பிறை_ஷிப்ட் எழுதியது:

வைக்கலாம். ஆடாசிட்டியில் ஜெனரேட், டோன், ஸ்கொயர் தேர்ந்தெடுத்து 520 கொடுங்கள். தொடர்ந்து ஊதவிடாமல் அரை விநாடி ஒலி மூன்று முறை, நடுநடுவே அரை விநாடி மௌனம், மூன்றாவது ஒலி முடிந்ததும் ஒன்றரை விநாடி இடைவெளி. எச்சரிக்கை மணிகளின் முறை அதுதான், மூளை அதைப் பழகிக்கொள்ள நேரமாகும். கேட்பதற்குச் சகிக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மேல் படுக்கையில் தூங்குபவர் யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். ஓஜிஜியாகச் சேமித்து அலார்ம்ஸ் ஃபோல்டரில் போடுங்கள், அலாரத்துக்குத் தனி ஒலியளவு விசை இருக்கிறது, அதையும் ஏற்றி வையுங்கள்.